இரண்டாம் நம்பர் குப்பி

என் அக்காளைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் தெரியும், உருவம் தெரியும். எங்கே ஆப்பு வைத்தால் அடங்கும் என்றும் தெரியும் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு புரதம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துப் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. பகையாளியின் பெயரை வாயால் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. ஆராய்ச்சி நோட்டில்கூட 'அது' என்றுதான் எழுதுவேன்.

செல்லின் தோலில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக அது நின்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து தகவல் வந்தால் பக்கத்தில் நிற்கும் தன் ஜோடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் உள்ளே 'பெருகு' என்று உத்தரவு போகும். நல்ல செல்லில் வேலை முடிந்ததும் இரண்டும் விலகிவிடும். அக்காளின் நுரையீரலில் இருந்தது விலகவில்லை. யாரும் சொல்லாமலே ஒட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?" என்றுதான். அக்காளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ்ஸில் மலை ஏறும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "இனிமே தொட்டுக்கறதா இருந்தாத் தொட்டுக்கலாம் போ. எப்படியும் பேரு வந்தாச்சு" என்றாள். சிரிப்புக்கு நடுவில் இருமல் வந்து, இருபது வளைவுக்குச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவளுடைய புருஷன், அதாவது என் மாமா, பக்கத்து சீட்டில் ஸ்கேன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் புரதத்துக்கென்றே ஒரு மாத்திரை இருந்தது. புரதத்தின் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை முடக்கிவிடும். அக்காளுக்குக் கேட்டது. சோறு இறங்கியது, சண்டை போட ஆரம்பித்தாள், அந்த வருஷம் மிளகு பறிக்க ஏணி ஏறினாள். பிறகு அது தன் உடம்பில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டது. பள்ளத்தின் வாசல் அடைந்துபோனது. மாத்திரை வெளியே நின்றது. அடுத்த மிளகுக்கு அக்காள் இல்லை.

அப்போது நான் சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பூஞ்சை நொதி ஒன்றை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். காரியம் முடிந்து திரும்பிய அன்று என் கைடின் அறைக்குப் போய், தலைப்பை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "ஏம்மா, பாதிக் கிணறு தாண்டின பிறகா?" என்றார். "இதத்தாங்க சார் பண்ணுவேன். இல்லைன்னா ஊருக்குப் போறேன்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் அந்தப் பள்ளத்தின் பக்கமே போகவில்லை. அங்கே வாசலை மாற்றத் தெரிந்துகொண்ட திருடனோடு மறுபடி அதே வாசலில் மல்லுக்கட்ட நான் தயாரில்லை. இரண்டும் ஜோடி சேர்கிற இடத்தைக் குறிவைத்தேன். அங்கே ஒரு சிறிய பெப்டைடைச் செருக வேண்டும். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி, அவ்வளவுதான். என்னுடையதில் பதினொன்று; ஒன்றுக்கு ஓர் எழுத்து என்று எழுதுவோம். கதவுக்கடியில் ஆப்பு செருகுவதுபோல அது நடுவில் போய் உட்கார்ந்தால், இரண்டும் ஒட்ட முடியாது. ஒட்டாவிட்டால் உத்தரவு இல்லை.

ஒவ்வொன்றாக மாற்றிக் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்ப்பேன். மூன்றாவதை மாற்றினால் ஏழாவது முட்டும். ஏழாவதைச் சரிசெய்தால் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சனி ஞாயிறு கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் மாமா வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பும் கூட வரும். எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பெயர். வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து அந்தப் புரதத்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். போகிற வருகிற வண்டிக்காரர்கள் என்ன கண்ணு பாக்கறே என்பார்கள். படம் என்பேன். மாமா மட்டும் ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து எடுத்துவந்து, பின்னால் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுதானா அது?" என்று கேட்டார். ஆமாங்க மாமா என்றேன். அவர் திரையை முறைத்தார். கிழங்கை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உண்மையான பெப்டைடு ஒன்று செய்தால், அதே பதினோரு அமினோ அமிலங்களைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்டு இன்னொன்றும் செய்ய வேண்டும். பொருள் அதே, வரிசை மட்டும் வேறு. உண்மையானது செல்லைக் கொன்று, கலைத்தது கொல்லாமல் விட்டால்தான், என் வரிசைக்கு அர்த்தம் உண்டு என்று நிரூபணம். இரண்டையும் நம்பர் மட்டும் போட்ட குப்பிகளில் அடைக்க வேண்டும். எது எது என்று சோதனை செய்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கை நம் ஆசைக்கு ஏற்ப எண்ணும்.

எங்கள் துறையில் பெப்டைடு கட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்பவள் என் தோழி. அவள்தான் இரண்டையும் கட்டினாள். கட்டி முடித்த சங்கிலியைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஒரு கடும் அமிலம் பயன்படும். அது பெப்டைடோடு ஒட்டிக்கொண்டே பொடியில் வந்துவிடும். அதை விலக்க, வேறு உப்புக்கு மாற்றி, உறையவைத்து உலர்த்தி, திரும்ப அதையே செய்ய வேண்டும். கழுவுவது என்று சொல்வோம். ஒரு குப்பிக்கு ஒரு வாரம் போய்விடும். "ரெண்டையும் கழுவிடவா?" என்று போனில் கேட்டாள். நான் அவசரத்தில் இருந்தேன். "நிஜத்தை மட்டும் கழுவுடி. கலைச்சதுக்கு எதுக்கு இத்தனை மரியாதை? அது சும்மாதானே" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோழி இரண்டையும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்ட குப்பிகளில் அடைத்து, எது எது என்று ஒரு தாளில் எழுதி (சாவித்தாள் என்போம்), கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். கவர் பிரியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. அந்தக் கவர் என் மேஜையில் இருந்தால் இரண்டாம் நாளே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிடுவேன். அதனால் மலைக்குக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீங்க. மூணு தடவ சோதனை முடிச்சுட்டுத்தான் பிரிக்கணும்" என்றேன். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கம் என் நேர்மை பத்திரமாக இருந்தது.

முதல் சோதனை. நுரையீரல் புற்றுச் செல்களைத் தட்டின் குழிகளில் வளர்த்து, ஒரு வரிசைக்கு ஒன்றாம் நம்பர், அடுத்த வரிசைக்கு இரண்டாம் நம்பர் ஊற்றினேன். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றாம் நம்பர் வரிசையில் செல்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு செழிப்பாக இருந்தன. இரண்டாம் நம்பர் வரிசையில் சுருண்டு, உருண்டு, அடிவிட்டு மிதந்துகொண்டிருந்தன. "சாவு" என்றேன், வாய்விட்டே. "சாவு, சாவு." பக்கத்து மேஜைப் பையன் திரும்பிப் பார்த்தான். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நல்ல சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தனை அடித்துக் கீழே போட்டு மார்பில் கால் வைத்து நிற்கிற சந்தோஷம் அது. உச்சி குளிர்ந்துபோனது.

ஒன்றே ஒன்று உறுத்தியது. செல்களை வளர்க்கும் நீர் ரோஜா நிறமாக இருக்கும். செல் பெருகப் பெருக அது வெளியேற்றும் புளிப்பால் நீர் மஞ்சளாகும். செத்த செல் நீரை மாற்றாது, ரோஜா நிறமாகவே விட்டுவைக்கும். இரண்டாம் நம்பர் குழிகளில் செல் செத்துக்கிடந்தது, நீர் மஞ்சளாக இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்துவிட்டு, தட்டை மூடிவைத்தேன்.

கைடிடம் ஓடினேன். அவரே வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். "இன்னும் ரெண்டு தடவ செஞ்சுட்டுக் கவரப் பிரிக்கணுங்க சார், ஊர்ல இருக்கு" என்றேன். "பிரிச்சு என்னம்மா ஆகப்போகுது? எது கொன்னுச்சோ அதுதான் நிஜம்" என்று சிரித்தார். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. நானும் சிரித்தேன். இரண்டாம் முறையும் அதே முடிவு வந்தது. அக்காளின் வருஷத் திதிக்கும் மிளகு பறிப்புக்குமாக ஒரு மாசம் லீவு சொல்லிவிட்டு மலை ஏறினேன்.

ஏழாவது நாள். பாலத்துச் சுவரில் போனை எடுத்ததும் தோழி அனுப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. முதலாவது ஒரு கருத்தரங்கின் அறிவிப்பு. பெரிய பெரிய ஆட்கள் வருகிற கூட்டம். அதில் என் கைடு பேசப்போகிறார், என் பெப்டைடைப் பற்றி. என் படம், என் பதினோரு எழுத்து, இரண்டாம் நம்பர் குப்பியின் முடிவு. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரும், போன மாசம் எங்கள் லேபில் வந்து சேர்ந்த ஒருவரின் பெயரும். என் பெயர் அடியில், நன்றி சொல்கிற வரியில், லேப் உதவிக்காக என்று, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவருக்கு அடுத்து இருந்தது.

இரண்டாவது படம் செய்தித்தாள் துண்டு. கைடு பேட்டி கொடுத்திருந்தார். அதில் கொல்லிமலை மூலிகை ஒன்றே இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதல் என்று இருந்தது. மூலிகை! நான் அந்தத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து, கொல்லிமலையா, மூலிகை கொண்டுவருவியா, சித்தர் குகை பார்த்திருக்கியா என்று கேட்காத ஆள் கிடையாது. நான் பார்த்ததெல்லாம் மரவள்ளிக் காடும் பஸ் ஸ்டாண்டும்தான் என்பேன், நம்ப மாட்டார்கள். இப்போது இந்த மனிதர் என்னை எடுத்துவிட்டு என் மலையை மட்டும் வைத்துக்கொண்டார்.

போன் பண்ணினேன். எடுத்தார். "நீ ஆளே இல்லியேம்மா, மலையில போய் உக்காந்துட்டா வேலை நிக்குமா? உனக்கு நன்றி போட்டிருக்கேனே, பாக்கலியா?" என்றார். பார்த்தேங்க சார் என்றேன். என் குரல் அவ்வளவு அடக்கமாக இருந்ததில் எனக்கே ஆச்சரியம். 

வீட்டுக்கு வந்து, "அந்தக் கவரக் குடுங்க மாமா" என்றேன்.

"மூணு தடவ ஆயிருச்சா கண்ணு?"

"குடுங்க மாமா."

அவர் உள்ளே போய், அக்காளின் ஸ்கேன் படங்கள் இருந்த துணிக்கடைப் பையை ஆணியிலிருந்து எடுத்துவந்தார். முக்கியமான காகிதம் என்றால் அவருக்கு அந்தப் பைதான். இரண்டு நுரையீரல் படங்களுக்கு நடுவில் என் கவர் இருந்தது. அந்தக் கவர் இல்லாமல் எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையும் இதை அச்சிடாது. சாவி என் கையில் இருக்கிறது, உன்னை முழங்காலில் நிற்கவைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டே கிழித்தேன்.

தோழியின் கையெழுத்தில் இரண்டே வரி. ஒன்று: நிஜம். இரண்டு: கலைத்தது.

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பிறகு சிரிக்க ஆரம்பித்தேன். மாமா பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தக் கைடு திருடிக்கொண்டு ஓடியது மாறிப்போன பொட்டலம். கலைத்த குப்பியின் முடிவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பெரிய மேடையில் ஏறி, இதுதான் மருந்து என்று ஊரறியச் சொல்லப்போகிறார். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு அவரை மேலே ஏறவிட்டால் போதும். எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ அவ்வளவுக்கு எனக்கு நல்லது.

ஐந்து நாள் அந்த நினைப்பையே தின்று உயிர்வாழ்ந்தேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகுக் கொத்தைப் பறித்து மடியில் போடும்போதெல்லாம் அவர் முகம் விழுவதை ஒத்திகை பார்த்தேன். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எந்த வரிசையில் உட்காருவது, சேலையா சுடிதாரா என்பதுவரை யோசித்துவைத்தேன். ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆறாம் நாள் காலை பெரக்கரை நாட்டிலிருந்து ஒருவர் டூவீலரில் வந்தார். மாமா வயசு இருக்கும். கையில் பை. பைக்குள் என்ன என்று கேட்கவே வேண்டியதில்லை. அந்தப் படங்களின் பருமன் எனக்குப் பழக்கம். அவர் பெண்டாட்டிக்கு. அதே நுரையீரல். யாரோ அந்தச் செய்தியைப் போனில் காட்டி, அந்த லேபில் படிக்கிற பெண் இங்கே இருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங் கண்ணு, அது எந்தச் செடிங்க? நம்ம காட்டுல இருந்தாத் தேடிப் புடிச்சுருவனுங்க" என்றார்.

"செடியெல்லாம் இல்லீங்க."

"ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க சாமி."

செடி இல்லை, அது மருந்தும் இல்லை, பேப்பரில் வந்தது பொய், டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள் என்று நான்கு விதமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்குக் கைடின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவிடம் கொட்டித் தீர்த்தேன். நம்பர் ஒன்று, நம்பர் இரண்டு, கலைத்தது, நிஜம், அந்த ஆளின் பேட்டி, எல்லாவற்றையும். "ரெண்டாம் நம்பரு குப்பைங்க மாமா. குப்பையத் தூக்கிட்டுப் போயிருக்கான். நல்லா வேணும்" என்றேன்.

மாமா மிளகுக் கொத்தை உதிர்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "அப்ப நம்ம ஒண்ணாம் நம்பரு என்னாச்சு கண்ணு?" என்றார்.

நானும் ஒரு கொத்தை எடுத்து உதிர்க்க ஆரம்பித்தேன்.

நீங்கள் கேட்கலாம், படித்த பெண், இது முதல் நிமிஷமே தெரியாதா என்று. தெரியும். அந்த மஞ்சள் நிறம் தெரிந்ததுபோலவே இதுவும் தெரியும். தெரிந்ததைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஒரு கைடு கிடைத்தார். ஐந்து நாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் நம்பர்தான் நான் இரண்டு வருஷம் வரைந்தது. அக்காளுக்காக வரைந்தது. அது ஊற்றிய குழிகளில் செல்கள் செழித்துக்கிடந்தன. என் ஆப்பு அந்தக் கதவை அசைக்கக்கூட இல்லை.

எழுந்து பாலத்துக்கு நடந்தேன். தோழிக்குப் போன் போட்டு, "ரெண்டாம் நம்பர்ல மிச்சப் பொடி இருக்கா? அதைக் கழுவுடி. கழுவி மறுபடி செல்லுல ஊத்திப் பாரு" என்றேன்.  நான் அன்று அவசரத்தில் சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. "நீதானேடி வேணாம்னே" என்றாள், மெதுவாக. ஆமாம் என்றேன்.

பத்து நாள் கழித்து அவள் அனுப்பிய படத்தில் இரண்டு வரிசைக் குழிகளும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டிலும் செல்கள் பிசகில்லாமல் பெருகியிருந்தன. நீர் இரண்டிலும் மஞ்சள், இந்த முறை நியாயமான மஞ்சள். கொன்றது கழுவாமல் விட்ட அமிலம். வேறொன்றும் இல்லை.

அன்று மாலையே கைடிடமிருந்து போன் வந்தது. குரலில் சர்க்கரை சொட்டியது. ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் சாவித்தாள் கேட்கிறார்களாம். "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா. உன் பேரைத்தான் முதல்ல போடணும், போட்டுடறேன். இந்த வருஷமே நீ தீசிஸ் சமர்ப்பிச்சுடலாம். அந்தக் கவரை மட்டும் கொரியர்ல அனுப்பிடு. ரெண்டாம் நம்பர்தானே நிஜம்? ஒரு வார்த்தை சொல்லிடு."

ஒரு வார்த்தை. தாளில் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதுவது ஒரு பெரிய வேலையா? தோழிக்கும் மாமாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பட்டம் என்னுடையது, பெயர் என்னுடையது. அக்காளைக் கொன்றதை நான் அடக்கிவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ளலாம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பெரக்கரை நாட்டுக்காரர் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளியது கண்ணில் நின்றது.

"கொரியர் இங்க சரியா வராதுங்க சார். நேர்ல கொண்டு வாரேன்" என்றேன்.

கூட்டத்தன்று சேலையே கட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது வரிசை. அவர் மேடையில் நன்றாகத்தான் பேசினார். புரதம் ஜோடி சேர்வதை விளக்கியபோது ஆப்பு என்ற என் வார்த்தையையே சொன்னார். கொல்லிமலையின் படம் ஒன்றைக்கூடப் போட்டார், மேகத்தோடு. பேசி முடித்ததும் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் சோதனை செஞ்சது, சாவித்தாளும் கொண்டுவந்திருக்கு" என்றார், தாராளமாக. கை தட்டினார்கள். நான் எழுந்தேன். மைக் வந்தது.

"ரெண்டாம் நம்பர் குழியில செல்லு செத்திருக்குங்க சார். ஆனா தண்ணி மஞ்சளா இருக்கு. ஏனுங்க?"

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். தானே நூறு முறை காட்டிய படம். முன்வரிசையில் ஓர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. "அது... வெளிச்சத்தால அப்படித் தெரியுது" என்றார் கைடு.

நான் தாளைப் படித்தேன். ஒன்று நிஜம், இரண்டு கலைத்தது. கலைத்ததைக் கழுவவில்லை, கழுவ வேண்டாம் என்று சொன்னது நான், கழுவிய பிறகு அது எதையும் கொல்லவில்லை என்றேன். முகம் விழுவதை நான் ஒத்திகை பார்த்திருந்தேன் அல்லவா, ஒத்திகையைவிட நன்றாகவே விழுந்தது. முதலில் காது சிவந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அந்த மேகத்தோடு இருந்த மலைப்படம் அவருக்குப் பின்னால் அப்படியே நின்றது. பொய் சொல்ல மாட்டேன். இனித்தது.

அவர் மைக்கை மறந்து, எனக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னார்: "அப்ப உன்னோடதும் போச்சேம்மா."

அரங்கம் முழுக்கக் கேட்டது.

"போச்சுங்க சார்" என்றேன்.

உட்கார்ந்தேன். இந்த மனிதனை வீழ்த்த எனக்குக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. அந்த இனிப்பு திரும்பும் பஸ்ஸில் இருபதாவது வளைவுவரை இருந்தது. அக்காள் குனிந்து இருமிய இடம் எதுவென்று அப்போதுதான் தேடினேன். எல்லா வளைவும் ஒரே மாதிரி இருந்தன. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் அன்னாசிப்பழக் கூடையோடு இருந்தவர், வாந்தி வருகிறதென்று நினைத்துக் கண்டக்டரிடம் கவர் வாங்கிக் கொடுத்தார்.

பெரக்கரை நாட்டுக்காரர் வீட்டுக்கு மாமாவோடு போனேன். பேப்பரில் வந்த பொய் மேடையிலேயே உடைந்துபோயிற்று என்று அவர் பெண்டாட்டியிடமே சொன்னேன். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றாள். அவளுக்கு இப்போது மாத்திரை கேட்கிறது. அடுப்படியில் நின்று புருஷனை அதட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. அவள் உடம்பிலும் அது எங்கேயோ உட்கார்ந்து வாசலை மாற்ற யோசித்துக்கொண்டிருக்கிறது.

கைடு இப்போதும் நடைபாதையில் எதிர்ப்பட்டால் குட்மார்னிங் சொல்கிறார். நான் பதில் சொல்வதில்லை. மன்னிக்கிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது. முன்வரிசையில் பேனாவைக் கீழே வைத்தாரே, அந்த அம்மாளும் எங்கள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்தான்; ஆராய்ச்சியை அவரிடம் மாற்றிக்கொண்டேன்.

ஊருக்குப் போன அன்று கவரை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பழையபடி இரண்டு நுரையீரல் படங்களுக்கு நடுவில் செருகி, பையை ஆணியில் மாட்டினார்.

"அவனப் பழி வாங்கிட்டியா கண்ணு?"

"வாங்கிட்டேங்க மாமா."

"அக்காளுக்கு?"

"இன்னும் இல்லீங்க."

அவர் ம் என்றார். பிறகு, "ஊட்டுக்குள்ள வா, சோறு ஆறுது" என்றார்.

ஒன்றாம் நம்பர் தோற்றது ஏன் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. திரையில் அந்தப் புரதத்தை நான் அசையாமல் நிறுத்திவைத்துக் குறிபார்த்திருக்கிறேன். அது அப்படி நிற்பதில்லை, ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. இந்த முறை அசையவிட்டுத் துரத்துகிறேன். புதிய சங்கிலியில் ஒன்பதுதான். போன வாரம் தோழி நிஜம், கலைத்தது இரண்டையும் கட்டி முடித்து, எதிலிருந்து கழுவ ஆரம்பிக்க என்று கேட்டாள். கலைத்ததை என்னிடம் கொடுக்கச் சொல்லி, முதலில் அதை நானே கழுவினேன்.